பதினோரு மணி ஸ்டேட்டஸ்கோ

பலகையை அழிச்சிராதீங்க சார், சித்த இருங்க. அந்த டஸ்டரை இப்படிக் குடுங்க. பயப்பட வேண்டாம், பிடுங்க மாட்டேன், கேட்டுத்தான் வாங்கறேன். வார்டரய்யா வாசல்லதான் நிக்கறாரு. கணக்கெடுப்புக்கு இன்னும் அரை மணி இருக்குது.

நாலாவது வரி தப்புங்க.

மத்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. இங்கிலீஷ்ல புழங்கற லத்தீன் வார்த்தைன்னீங்க, நேரா தமிழ்ல அர்த்தம் எழுதினீங்க, முப்பது கைதியும் நோட்டுல எழுதிக்கிட்டோம். எட்செட்ரா, 'மற்றும் பல'. சரி. வைஸ் வெர்சா, 'நேர்மாறாகவும்'. இருக்கட்டும். ஏ.எம்., பி.எம். ரெண்டும் லத்தீனுன்னு இன்னைக்குத்தான் தெரியும். அந்த ஏ.எம்.மாலதான் நான் இங்க ஏழு வருஷத் தண்டனையில இருக்கேன், அது வேற. நாலாவதா ஸ்டேட்டஸ்கோன்னு போட்டு, 'தற்போதுள்ள நிலை'ன்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவுதானா? முடிஞ்சுதா?

கோவிச்சுக்காதீங்க. நீங்க அதைப் புஸ்தகத்துல பார்த்து எழுதினீங்க. நான் கடப்பாரையைத் தூக்கிக் கத்துக்கிட்டேன். உக்காருங்க, சொல்றேன்.

என் பேரு அர்த்தநாரி. ஊரு மூலனூருக்குத் தெக்க. மாட்டுத் தரகு. பள்ளிக்கூடம் மூணாவதோட சரி, மிச்சப் படிப்பெல்லாம் சந்தையில. பதினோரு வயசுல போனேன். முதல் நாளே ஒரு தரகன் சாட்டைக் குச்சியைத் திருப்பிப் பிடிச்சு இந்த முன்பல்லைப் பேத்துட்டான். அவன் துண்டுக்கடியில நான் எட்டிப் பார்த்தேனாம். அடுத்த வாரமே ஒரு லாடத்தைக் கையில வச்சுக்கிட்டு அவன் மண்டையைத் திறந்தேன். அதுக்கப்புறம் அவனே கூப்பிட்டுத் தொழில் சொல்லிக் குடுத்தான். எங்க தொழில்ல அப்படித்தான் பழக்கமாகறது.

துண்டு எதுக்குன்னா, விலையை நாங்க வாயில பேச மாட்டோம். வாங்கறவன் கை, விக்கறவன் கை, ரெண்டையும் ஒரு துண்டு போட்டு மூடிக்குவோம். ஒரு விரலைப் பிடிச்சா ஒரு ஆயிரம். அஞ்சையும் பிடிச்சா அஞ்சு. நுனியை மட்டும் அழுத்தினா அரை. சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. மூஞ்சியைப் பார்த்தா வானத்தைப் பார்த்துட்டு நிப்போம். கை மட்டும் உள்ள சண்டை போட்டுட்டிருக்கும்.

என் தம்பி தெய்வசிகாமணி. என்னைவிட எட்டு வருஷம் சின்னவன். அவனுக்கு விரல் பழக்கிவிட்டது நான்தான். தப்பா விரல் வச்சான்னா புறங்கையில குச்சியால ஒண்ணு வைப்பேன். ஒரு கோடைக்காலம் பூரா அவன் கை வீங்கியே இருந்துச்சு. அழுவான், ஆனா கையை நீட்டுவான். அதுக்கப்புறம் இருபது வருஷம், விக்கறவன் பக்கம் நான், வாங்கறவன் பக்கம் அவன். துண்டுக்குள்ள என் கையும் அவன் கையும். அவன் விரலை எனக்கு என்னோடதைவிட நல்லாத் தெரியும் சார். சுண்டுவிரல் சித்த கோணல், நான் அடிச்சதுல.

சிரிக்காதீங்க. பாசம் இல்லாமயா அடிச்சேன்?

அப்பன் போனதும் நிலத்தைப் பிரிச்சுக்கிட்டோம். பின்னால இருக்கற பட்டி எனக்கு. சந்தைக்கு முன்னால மாடுகளை அங்கதான் கட்டுவேன். முன்னால இருக்கற காடு அவனுக்கு, சின்ன வெங்காயம் போட்டிருந்தான். பட்டிக்குப் போறதுக்கு அவன் காட்டோரமா ஒரு வண்டித்தடம். ஒரு நாள் வந்தான்.

"அண்ணா, மாட்டைக் கயித்துல பிடிச்சுட்டுப் போங்க. வெங்காயம் மிதிபடுது."

"மாட்டுக்குத் தெரியுமாடா உன் காடு எது, என் தடம் எதுன்னு?"

"மாட்டுக்குத் தெரியாதுங்கண்ணா. உங்களுக்குத் தெரியும்ல?"

அந்த 'உங்களுக்குத் தெரியும்ல' இருக்குது பாருங்க, அது எனக்கு எங்கயோ சுருக்குன்னு தெச்சிருச்சு. மறுநாள் நாப்பது உருப்படியையும் கயிறில்லாம அவுத்துவிட்டேன். வெங்காயம் மசிஞ்சு போச்சு. பட்டி வாசல்லயே உக்காந்து அவன் வருவான்னு காத்திருந்தேன். சரி சார், நீங்களே சொல்லுங்க, நியாயமான தம்பி என்ன பண்ணியிருக்கணும்? வந்து என்னை நாலு சாத்து சாத்தியிருக்கணும். நானும் நாலு சாத்தியிருப்பேன். பொழுதோட ஒட்டுக்கா உக்காந்து சாப்பிட்டிருப்போம். அவன் வரவே இல்லை. கோர்ட்டுக்குப் போயிட்டான்.

அண்ணன்மேல. கோர்ட்டுக்கு.

கோர்ட்டு அமீனா சம்மனைத் தூக்கிட்டு மொபெட்ல வந்தாரு. ஒல்லியான மனுசன். "கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. சம்மனை நாலாக் கிழிச்சு மாட்டுத் தாழியில போட்டேன், ஒரு கெடேரி தின்னுருச்சு. "நீங்க வாங்க மறுத்தீங்கன்னு எழுதிக்கறேன்"ன்னாரு. "இதையும் எழுதிக்க"ன்னு மொபெட்டைத் தூக்கி மேட்டுல இருந்து உருட்டிவிட்டேன். ஓடினாரு பாருங்க. பாவம், அவரு மேல எனக்கு என்ன கோபம்? அவரு கொண்டு வந்த காகிதத்து மேலதான். காகிதத்தை அடிக்க முடியாதுல்ல.

ஆறு மாசம் கழிச்சு ஒரு சந்தை முடிஞ்சு வர்றேன். தடத்துல வரிசையாக் கல்லுக்கால். பதினாலு கல்லு, நாலு வரி முள்ளுக்கம்பி. என் பட்டிக்கு நானே போக முடியலை. சுத்திப் போகணும்னா அரை மைலு. அவன் வீட்டு வாசல்ல நின்னு கத்தினேன்.

"எவன்டா சொன்னான் கல்லு நட?"

"கோர்ட்டுல ஆர்டர் குடுத்திருக்குதுங்கண்ணா. நீங்க வரலை, அதனால எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சு."

முதல் லத்தீன். எனக்கு அது என்ன எழவுன்னே தெரியலை. டவுனுக்குப் போய் வக்கீல் ஜெகதீசனைப் பிடிச்சேன். தலை நிறைய எண்ணெய், வாய் நிறைய லத்தீன். "எக்ஸ்பார்ட்டின்னா ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்றதுங்க"ன்னாரு. அப்பத்தான் எனக்கு வெளிச்சமாச்சு. துண்டுக்கடியில எதுத்த கை வரவே இல்லை. என் தம்பி தன் விரலைத் தானே பிடிச்சு விலையை முடிச்சுக்கிட்டான். இருபது வருஷம் என் கையைப் பிடிச்சவன்.

வக்கீல் மனுப் போட்டு அந்த எக்ஸ்பார்ட்டியை உடைச்சுட்டாரு. கேஸை மறுபடி நடத்தச் சொல்லியாச்சு. கல்லு மட்டும் நின்னுட்டே இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பொழுதோட போன் பண்ணினாரு.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆர்டர் வந்துரும்ங்க. அனேகமா ஸ்டேட்டஸ்கோதான்."

"அப்படின்னா?"

"இருக்கறது இருக்கறபடியே இருக்கணும். கல்லு நின்னா நின்னபடி. கேஸ் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் கை வைக்கக் கூடாதுங்க."

"கேஸ் முடிய எத்தனை நாளாகும்?"

"நாளா?"ன்னு திருப்பிக் கேட்டாரு.

நான் விடுவேனா? எந்த மாட்டுக்கும் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம விலை பேசினவன் இல்லை நான். "இருக்கறபடின்னா எப்ப இருக்கறபடி?"ன்னு கேட்டேன்.

"ஆர்டர் போடற நேரத்துக்கு எப்படி இருக்குதோ அப்படி."

"பதினோரு மணிக்கு?"

"ஆமாங்க."

"அப்ப பத்தரை மணிக்கு?"

வக்கீலு சிரிச்சாரு. "பத்தரைக்கு ஆர்டரே இல்லையேங்க"ன்னாரு. சத்தியமா இதைத்தான் சொன்னாரு. அப்புறம் போலீஸ்கிட்ட, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னுட்டாரு. இருக்கட்டும், அந்தச் சிரிப்பையாவது சிரிச்சாருல்ல?

நான் போனை வச்சுட்டு மயிலாத்தாகிட்டச் சொன்னேன். மயிலாத்தா என் சம்சாரம். "கடப்பாரை எங்கடி?"ன்னேன். "எதுக்குங்க?"ன்னா. "கல்லைப் புடுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள புடுங்கிட்டா, அப்புறம் கல்லு இல்லாத நிலைதான் நிலை. கோர்ட்டே அதைக் காவல் காக்கும்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்களே"ன்னா.

"அவன்தான் லத்தீன் பேசறானே"ன்னேன்.

காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சேன். ஆள் கூட்டிட்டுப் போகலை. அண்ணன் தம்பி விவகாரத்துல வெளியாளு எதுக்கு? கம்பியை வெட்டிவிட்டேன், சுருட்டி எறிஞ்சேன், அதுலயே உள்ளங்கை கிழிஞ்சு போச்சு. ஒரு கல்லு அடியில நெம்பறதுக்குக் கால் மணி நேரம் ஆகுது. சாய்ச்சு உதைச்சேன்னா ஒடிஞ்ச கல்லு தடத்துல குறுக்கப் படுத்துக்குது. ஒவ்வொண்ணும் விழறபோது உடம்பெல்லாம் குளுகுளுன்னு இருந்துச்சு சார், பொய் சொல்ல மாட்டேன். பதினோரு கல்லு விழுந்துருச்சு. மணி பத்து இருபது. வாட்ச் கட்டிட்டுத்தான் போயிருந்தேன்.

அப்பத்தான் அவன் வந்தான். கோர்ட்டுக்குக் கிளம்பினவன். வெள்ளைச் சட்டை, கக்கத்துல ஃபைல். மொபெட்டை நிறுத்தினான். ஃபைலைப் பத்திரமா வரப்பு மேல வச்சான். மேல ஒரு ஓட்டுச் சில்லை வச்சான், காத்துல பறக்காம இருக்க. வந்தான். ஓடி வரலை, நடந்து வந்தான். பன்னெண்டாவது கல்லு மேல வலது கையை வச்சுக்கிட்டு நின்னான்.

"அண்ணா, இன்னும் முக்கால் மணி நேரம். கோர்ட்டு சொல்லட்டும். என்ன சொன்னாலும் கேட்டுக்கலாம்."

"கையை எடு."

"எடுக்க மாட்டேனுங்க."

"என்னை அடிக்கணும்னா அடி. இந்தா நிக்கறேன். வெங்காயம் போச்சுல்ல, அடிடா."

"நான் எதுக்கு உங்களை அடிக்கோணும்?"

கத்தலை. முறைக்கலை. என்னமோ ஆபீசர் மாதிரி நின்னான். நான் நெஞ்சுல கை வச்சுத் தள்ளினேன். நகரலை. கன்னத்துல ஒண்ணு விட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான், கையை மட்டும் எடுக்கலை. வயித்துல உதைச்சேன். குனிஞ்சான், ரெண்டு மூச்சு விட்டான், மறுபடி நிமிந்து அதே கல்லு மேல அதே கையை வச்சான். "மணி பத்தரை ஆகுதுங்கண்ணா, நான் கோர்ட்டுக்குப் போகோணும்"ன்னான்.

கடப்பாரையை ஓங்கினேன்.

சறுக்கிருச்சு. அப்படித்தான் சார் ரொம்ப நாளைக்குச் சொல்லிட்டிருந்தேன்.

முருங்கைக்காயை ஒடிச்சா ஒரு சத்தம் வரும்ல, அந்தச் சத்தம்தான். மோதர விரலும் சுண்டுவிரலும் கல்லோட கல்லா ஒட்டிக்கிச்சு. ரத்தம் என் வாயில அடிச்சுது. அவன் கத்தலை. அப்பவும் கத்தலை சார்! மெதுவாக் கீழ உக்காந்தான். இடது கையால சட்டைக்கையை மேல மடிச்சுவிட்டான், ரத்தம் படாம. வெள்ளைச் சட்டையாச்சே.

மணி பத்து முப்பத்தெட்டு ஏ.எம்.

இன்னும் மூணு கல்லு நின்னுட்டிருந்துச்சு. பன்னெண்டாவதை ஒரே நெம்பு, விழுந்துருச்சு. பாக்கி ரெண்டு. அவ்வளவு தூரம் பண்ணிட்டு ரெண்டு கல்லை விட்டா, அந்த ரெண்டும்தானே நிலையாயிரும்? கேஸ் முடியற வரைக்கும் அது என் கண்ணு முன்னால நிக்கும்ல? அதனால அதையும் புடுங்கிப் போட்டுட்டுத்தான் டெம்போவை எடுத்தேன். அவன் அங்கயே உக்காந்து பார்த்துட்டிருந்தான். எத்தனை நேரம் ஆகியிருக்கும்? மிஞ்சினா பத்து நிமிஷம். சரி, கால் மணி. என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க? நான்தான் தூக்கிட்டுப் போனேன். மாடு ஏத்தற டெம்போவுல வைக்கோலைப் போட்டு, நான்தான் படுக்க வச்சேன். வேற எவனும் வரலை.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, "கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாமே"ன்னாங்க. எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்றாங்க. அவன் ரெண்டு விரலையும் எடுத்துட்டாங்க. வராண்டாவுல நிக்கறேன், வக்கீல்கிட்ட இருந்து போன். "பதினொண்ணே காலுக்கு ஆர்டர் ஆயிருச்சுங்க. ஸ்டேட்டஸ்கோ. எதிர்த் தரப்புல யாரும் வரலை, ஏன்னு தெரியலை"ன்னாரு. "எனக்குத் தெரியும்"ன்னேன்.

ஜெயிச்சுட்டேன் சார். கேட்ட விலைக்கே முடிஞ்சுது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஆஸ்பத்திரியில இருந்தே போலீசுக்குத் தகவல் போயிருச்சு. இருபது நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தேன். நேராப் பட்டிக்குப் போறேன். பதினாலு கல்லும் தடத்துல குறுக்க மறுக்கக் கிடக்குது. டெம்போ போகாது, மாடு கால் ஒடியும். சரி, புரட்டிப் போடலாம்னு கை வச்சேன். மயிலாத்தா ஓடி வந்தா. "வக்கீலு தொடக் கூடாதுன்னாருங்க"ன்னா. போன் போட்டேன். "ஆர்டர் போட்டப்ப கல்லு கீழ கிடந்துச்சு, இனி அது கிடந்தபடிதான் கிடக்கணும், எடுத்தீங்கன்னா கோர்ட்டு அவமதிப்பு"ன்னாரு.

மூணு வருஷம் சார். மூணு வருஷம் அந்தக் கல்லு அப்படியே கிடந்துச்சு. பன்னெண்டாவது கல்லுல அவன் ரத்தம் கறுப்பா ஒட்டியிருந்துச்சு. ஒரு மழை, ரெண்டு மழை, போகவே இல்லை. கழுவலாமான்னுகூட வக்கீல்கிட்டக் கேட்டேன். எரிச்சலாகி போனை வச்சுட்டாரு. என் மாடு அரை மைல் சுத்திப் போச்சு. அவன் காட்டுல வெங்காயம் போட ஆளில்லை. தினமும் காலையில பட்டிக்குப் போறபோது அந்தக் கல்லைப் பார்த்துட்டுத்தான் போகணும். 'தற்போதுள்ள நிலை'ங்கறீங்க. உடைச்சவனே குனிஞ்சு எடுக்க முடியாம நிக்கறானே, அதுக்கு ஒரு வார்த்தை போடுங்க பார்க்கலாம்.

சந்தைக்கு அவன் ஒரே ஒரு தடவை வந்தான். கட்டுப் பிரிச்சு நாலு மாசம் இருக்கும். யாரோ ஒரு வெளியூர் வியாபாரிகிட்டத் துண்டுக்குள்ள கையை விட்டான். மூணு வரைக்கும்தான் அவன் கையில இருக்குது, அஞ்சு சொல்லணும்னா? அந்த வியாபாரி உள்ள தடவிப் பார்த்துட்டு, "என்னங்க, பாதிக் கையை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"ன்னு சிரிச்சான். சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க.

அந்த வியாபாரியைத் துண்டோட இழுத்துக் கீழ போட்டு, நெஞ்சு மேல ஏறி உக்காந்து, தாடையில குத்தினேன். "என் தம்பி கையைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு நீ யார்றா? எவன்டா நீ?" ரெண்டு பல்லு என் முட்டியில குத்தி நின்னுச்சு. ஆறு பேரு சேர்ந்துதான் பிரிச்சாங்க. நிமிந்து பார்க்கறேன், சிகாமணி போயிட்டான். ஒரு வார்த்தை? ஒரு பார்வை? இல்லை. அவனுக்காகத்தானே அடிச்சேன்?

விரலை நசுக்கின கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. ஜெகதீசன் என்னை உக்கார வச்சு அடுத்த லத்தீனை எடுத்தாரு. "அலிபி. லத்தீன்ல 'வேற எடத்துல'ன்னு அர்த்தம். அன்னைக்குக் காலையில நீங்க அந்த இடத்துலயே இல்லை, வெளியூர்ச் சந்தையில இருந்தீங்கன்னு ரெண்டு சாட்சி போட்டுடலாம்"ன்னாரு.

"அப்ப என் தம்பியை அடிச்சது யாரு?"

"அது நம்ம வேலை இல்லைங்க."

அவரு கோட்டுக் காலரைப் பிடிச்சு மேசை மேல இழுத்துப் போட்டேன். மசிப்புட்டி உருண்டு ஓடுச்சு. "என் தம்பியை எவனோ வழிப்போக்கன் அடிச்சுட்டுப் போனான்னு சொல்றியா? என் தம்பி மேல கை வைக்க எனக்கு மட்டும்தான்டா..." அதுக்கு மேல சொல்லலை. காலரை விட்டுட்டேன். அவரு சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, "சரிங்க, அலிபி வேண்டாம்"ன்னாரு. நல்ல மனுசன். பயந்த மனுசன்.

அப்புறம்தான் கடைசி லத்தீன். மென்ஸ் ரியா. உங்க பலகையில அது இல்லை. குற்ற மனசுன்னு அர்த்தமாம். கை அடிச்சாப் போதாது, கூடவே மனசும் அடிச்சிருக்கணும். "உங்க தம்பி கூண்டுல ஏறி, கடப்பாரை சறுக்கிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்ங்க, அபராதத்தோட முடிச்சுடலாம். பார்த்து அடிச்சாருன்னு சொல்லிட்டாருன்னா ஏழெட்டு வருஷம். எல்லாம் அவரு வாயிலதான் இருக்குது"ன்னாரு.

நான் அன்னைக்கு எப்படிப் போனேன் தெரியுமா? வெளுத்த வேட்டி கட்டி, பட்டிச் சாவியை மயிலாத்தா கையில குடுத்துட்டுப் போனேன். எனக்குச் சந்தேகமே இல்லை. மூணு வருஷமா வாயைத் திறக்காதவன் இன்னைக்குத் திறக்கப் போறான். என்னைப் பார்த்து விரலை நீட்டி, இவன்தான், பார்த்துத்தான் அடிச்சான், மிருகம், நாயின்னு கத்தப் போறான். சொல்லப்போனா, ராத்திரி பூரா எனக்கு அதுவே நெனப்பு. கல்யாணத்துக்குப் போற மாதிரி கிளம்பிப் போனேன்.

கூண்டுல ஏறினான். இளைச்சிருந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டான். சர்க்கார் வக்கீல் கேட்டாரு, என்ன நடந்துச்சுன்னு.

"அண்ணன் கல்லைப் பேத்துட்டிருந்தாருங்க. நான் பக்கத்துல போய் நின்னது தப்பு. கடப்பாரை சறுக்கிருச்சுங்க."

"உங்களை அடிக்கணும்னு அவர் ஓங்கலையா?"

"இல்லைங்க. அவரு படிக்காதவரு, முன்கோபி. ஆனா வேணும்னு செய்யலைங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை."

ஜெகதீசன் என் தொடையைத் தட்டினாரு. முடிஞ்சுதுன்னு அர்த்தம். மயிலாத்தா பின்னால நின்னுட்டு முந்தானையால வாயைப் பொத்தி அழுதா. கோர்ட்டு பூரா லேசாயிருச்சு. எனக்கு மட்டும் இல்லை.

உங்களுக்குப் புரியாது சார், நீங்க தொழில்காரர் இல்லை. துண்டுக்குள்ள ஒருத்தன் கையைப் பிடிச்சா, கூடக் கேப்பான், குறைச்சுக் கேப்பான், விரலை முறிக்கற மாதிரி அமுக்குவான், கெட்ட வார்த்தையில திட்டுவான். எல்லாம் மாடு வேணும்னுதான். எவன் ஒண்ணுமே கேக்காம கையை விட்டுட்டுப் போறானோ, அவனுக்கு உங்க மாடு வேண்டாம். பெருசா எடுத்துக்கலையாம்! ரெண்டு விரலைச் சப்புன்னு நசுக்கியிருக்கேன், பெருசா எடுத்துக்கலையாம்! அதுவும் படிக்காதவருன்னு சேர்த்து. என்னை யாரோ ஒருத்தன் மாதிரி மன்னிச்சுவிடறான்.

எந்திரிச்சுட்டேன்.

"டேய்! பொய் சொல்லாதடா! சறுக்கவே இல்லை!"

ஜட்ஜய்யா நிமிந்து பார்த்தாரு. ஜெகதீசன் என் வேட்டியைப் பிடிச்சு இழுத்தாரு, கையைத் தட்டிவிட்டேன்.

"பார்த்துத்தான்டா அடிச்சேன்! சுண்டுவிரல்ல செம்பு மோதரம் போட்டிருந்தே, வெயில்ல மின்னுச்சு. அந்த மோதரத்தைக் குறி வச்சுத்தான் போட்டேன்! உன்னை உக்கார வச்சுட்டு மிச்சக் கல்லைப் புடுங்கினேனே, அதையாவது சொல்லுடா! எதுக்குடா மறைக்கறே?"

"உங்க முறை வரும், அப்பச் சொல்லுங்க, இப்ப உக்காருங்க"ன்னாரு ஜட்ஜய்யா. என் முறை வந்தப்பவும் அதையேதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. ஏழு வருஷம் போட்டாரு. எனக்கு அவரு மேல ஒரு வருத்தமும் இல்லை.

அந்த மோதரம் மின்னினதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை சார். எனக்கே அப்பத்தான் வாயில வந்துச்சு.

என்ன கேக்கறீங்க? மனசு உறுத்துச்சான்னா? அதெல்லாம் இல்லை. அவன் என்னை அவமானப்படுத்தினான், நான் சும்மா விடலை, அவ்வளவுதான். உறுத்தறதுக்கு நான் என்ன படிச்சவனா?

அவன் சாட்சி சொன்ன அன்னைக்கு வெளியில வந்தோம். வராண்டாவுல கூட்டம். ஜெகதீசன் ஃபைலால தலையில அடிச்சுக்கிட்டாரு. சிகாமணி படியிறங்கி வந்தான். என்னைத் தாண்டித்தான் போகணும். வழக்கம் போலத் தாண்டிப் போயிருவான்னு சுவத்தோரமா ஒதுங்கினேன். நின்னுட்டான். மூணு வருஷம் கழிச்சு என் மூஞ்சியை நேராப் பார்த்தான்.

"எம்பொண்ணுகிட்ட, பெரியப்பா கை சறுக்கிருச்சுன்னுதான்டா சொல்லிவச்சிருக்கேன்" அப்படின்னான். "அதையும் கெடுத்துட்டியேடா, பாவி!"

டா போட்டான் சார். என்னை. என் தம்பி, பொறந்ததுல இருந்து வாங்க போங்கன்னு கூப்பிட்டவன்.

கையை வீசினான். வலது கை. அந்தக் கைதான். பளார்னு விழுந்துச்சு, காதுல குயிங்குன்னு சத்தம், சுவத்துல போய் மோதினேன். போலீஸ்காரங்க அவனைப் பிடிக்க வந்தாங்க. "எவன்டா அவன் மேல கை வைக்கறது, விடுங்கடா"ன்னு நான்தான் குறுக்கப் போனேன். அவன் திமிறிட்டு வந்து இன்னொண்ணு வச்சான். அதே கன்னத்துல. அப்புறம் படியில உக்காந்து, அந்தப் பாதிக் கையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, கோர்ட்டே கேக்கற மாதிரி ஓன்னு கத்தி அழுதான். கடப்பாரையில விரல் நசுங்கினப்பக்கூடக் கத்தாதவன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில பார்த்தேன். கன்னத்துல மூணு விரல் செவசெவன்னு எந்திரிச்சு நின்னுச்சு. மயிலாத்தா மஞ்சள் குழைச்சுப் பத்துப் போட வந்தா.

"வேண்டாம் விடு"ன்னேன். "தொடாதே."